டிவி ஷோ ஐடியாவை சேனலுக்குச் சொல்லப் போறீங்களா? அதுக்கு முன்னாடி இந்த 500 ரூபாய் வேலையை முடிச்சிடுங்க!



சம்பளத்தைத் தாண்டி இன்னொரு வருமானம் வேணும்னா எஸ்ஐபி, பகுதி நேர வேலை, யூடியூப் சேனல்னுதான் நாம வழக்கமா பேசுவோம். இன்னைக்கு கொஞ்சம் வித்தியாசமான ஒரு சொத்தைப் பத்திப் பார்க்கலாம். அது உங்க தலைக்குள்ள இருக்கிற ஐடியா.

புதுச்சேரியில் வேலை பார்க்கிற எத்தனையோ பேருக்கு எழுத்து, நாடகம், குறும்படம்னு ஏதோ ஒரு ஆர்வம் இருக்கு. சென்னை மூணு மணி நேரப் பயணம். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினா ஏதாவது ஒரு சேனல் ஆபீஸையோ தயாரிப்பு நிறுவனத்தையோ பார்த்துட்டு ராத்திரிக்குள்ள திரும்பிடலாம். ஆனா பல பேர் போகவே மாட்டாங்க. காரணம் ஒரே பயம்: "நான் சொன்ன ஐடியாவை அவங்களே எடுத்துக்கிட்டா நான் என்ன பண்றது?"

பயம் நியாயமானதுதான். ஆனா பயந்து ஐடியாவைப் பூட்டியே வெச்சிருந்தா அதோட மதிப்பு பூஜ்யம். அதைத் திறந்து காட்டவும் வேணும், கை நழுவிப் போகாமப் பார்த்துக்கவும் வேணும். சட்டம் இதுக்கு எவ்வளவு தூரம் துணைக்கு வரும், எங்கே கை விரிச்சிடும், நம்ம செலவு என்ன, இதையெல்லாம் ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

முதல் கசப்பு: வெறும் ஐடியாவுக்கு காப்பிரைட் கிடையாது

இதைப் புரிஞ்சுக்க ஒரு பழைய வழக்கு போதும். ஆர்.ஜி. ஆனந்த் டெல்லியைச் சேர்ந்த ஒரு கட்டடக் கலைஞர், நாடக ஆசிரியரும் கூட. 1953-ல் 'ஹம் இந்துஸ்தானி'ன்னு ஒரு நாடகம் எழுதினார். டெல்லியில் அக்கம்பக்கத்தில் ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு மதராஸிக் குடும்பம். பிள்ளைகளுக்குள் காதல். மாநில வெறியை கிண்டல் பண்ற கதை. நாடகம் மேடையேறி நல்ல பேர் வாங்கியது. சினிமா இயக்குநர் மோகன் சேகல் ஆர்வம் காட்ட, ஆனந்த் முழு நாடகத்தையும் அவருக்கு வாசித்துக் காட்டினார்.

1956-ல் 'நியூ டெல்லி' படம் வந்தது. கிஷோர் குமார் பஞ்சாபிப் பையன், வைஜயந்திமாலா தமிழ்ப் பெண். படத்தைப் பார்த்த ஆனந்த் கோர்ட்டுக்குப் போனார். கீழ் கோர்ட்டில் தோல்வி, ஹைகோர்ட்டில் தோல்வி. கடைசியில் 1978-ல் உச்ச நீதிமன்றத்திலும் தோல்வி. படம் வந்து 22 வருஷம் கழித்து!

நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: ஒரு கரு, ஒரு கருத்து, ஒரு சம்பவம், ஒரு புராணக் கதை, இதுக்கெல்லாம் யாருக்கும் தனி உரிமை கிடையாது. அந்தக் கருவை நீங்க எப்படி வெளிப்படுத்தினீங்களோ, அந்த வடிவத்துக்குத்தான் காப்பிரைட். ரெண்டு படைப்பையும் பார்த்த ஒரு சாதாரண ரசிகருக்கு 'இது அதோட நகல்'னு தோணணும். கரு ஒண்ணா இருந்து, கதையை வேற மாதிரி கொண்டு போயிருந்தா அது மீறல் ஆகாது. இன்னைக்கும் இந்தியாவில் எந்த காப்பிரைட் வழக்கிலும் முதல்ல புரட்டப்படும் தீர்ப்பு இதுதான்.

நம்ம ஊருக்கே பக்கத்தில் ஒரு உதாரணம் சொல்றேன். 'லைஃப் ஆஃப் பை' தெரியும்ல? நம்ம தாவரவியல் பூங்காவில் ஒரு மிருகக்காட்சி சாலை இருந்ததா கற்பனை பண்ணி யான் மார்ட்டெல் எழுதிய நாவல். 2002-ல் புக்கர் பரிசு வாங்கியது. 2012-ல் ஆங் லீ படமாக்கினார், அதுக்கான ஷூட்டிங் புதுச்சேரியிலும் நடந்தது. ஆனா நடுக்கடலில் ஒரு படகு, அதில் ஒரு பையனும் ஒரு புலியும்கிற கருவுக்கு ஒரு முன்னோடி உண்டு. பிரேசில் எழுத்தாளர் மோசிர் ஸ்க்ளியர் 1981-ல் எழுதிய நாவலில் படகில் ஒரு இளைஞனும் ஒரு ஜாகுவாரும் இருப்பாங்க. பரிசு அறிவிச்சதும் பெரிய சர்ச்சை. ஸ்க்ளியர் வழக்குப் போடவில்லை. மார்ட்டெல் தன் நாவலின் முன்குறிப்பிலேயே அவருக்கு நன்றி சொல்லியிருந்தார். கரு ஒண்ணு, புத்தகம் ரெண்டு. சட்டம் பார்க்கிறது புத்தகத்தைத்தான்.

அப்போ எதை வெச்சு நம்மைக் காப்பாத்திக்கிறது?

ஒரு கற்பனை உதாரணம் எடுத்துப்போம். உங்க கிட்ட 'முப்பது நாள் முப்பதாயிரம்'னு ஒரு ரியாலிட்டி ஷோ ஐடியா இருக்குன்னு வெச்சுக்குங்க.

"குடும்பங்கள் குறைந்த பணத்தில் ஒரு மாசம் ஓட்டுற போட்டி." இது ஐடியா. இதை டீக்கடையில் சொன்னாலும் சரி, சேனலில் சொன்னாலும் சரி, யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்.

இப்போ இதையே இப்படி எழுதுங்க. மூணு குடும்பங்கள்: முத்தியால்பேட்டையில் ஒரு மீனவக் குடும்பம், லாஸ்பேட்டையில் ஒரு அரசு ஊழியர் குடும்பம், வில்லியனூரில் ஒரு தறிக்காரர் குடும்பம். ஆளுக்கு 30,000 ரூபாய், அதுவும் கையில் ரொக்கமா. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கணக்கு நோட்டைத் திறக்கும் ஒரு சடங்கு. பத்தாவது நாள் எதிர்பாராத ஒரு செலவுச் சீட்டு. இருபதாவது நாள் குடும்பங்கள் ஒருவரிடம் ஒருவர் கடன் கேட்கலாம், ஆனா வட்டி விகிதத்தை பார்வையாளர்கள் முடிவு பண்ணுவாங்க. மிச்சம் பிடிச்ச பணம் மூணு மடங்காகி பரிசா வரும். 12 எபிசோட், ஒவ்வொண்ணுக்கும் தலைப்பு, முதல் எபிசோடுக்கு முழு வசனம், தொகுப்பாளர் பேசும் பாணி, செட் எப்படி இருக்கும், ஸ்பான்சர் எங்கே வருவார், ஒரு எபிசோடுக்கு என்ன செலவு.

இதெல்லாம் பேப்பரில் வந்த அந்த நிமிஷமே காப்பிரைட் சட்டம் 1957-ன் கீழ் அது உங்க இலக்கியப் படைப்பு. பதிவு பண்ணாமலே உரிமை வந்துடும். நீங்க உயிரோட இருக்கிற வரை, அதுக்கு அப்புறம் இன்னும் 60 வருஷம். விரிவா எழுத எழுத உங்க வேலி உயரும். ஒரு வரியா இருந்தா வேலியே இல்லை.

ரெண்டாவது கவசம்: நம்பிச் சொன்னதை மீறக் கூடாது

காப்பிரைட் கை விரிக்கிற இடத்தில் இன்னொரு சட்டக் கொள்கை கை கொடுக்கும். 'இதை ரகசியமா வெச்சுக்கணும்'கிற புரிதலோட ஒருத்தர் கிட்ட ஒரு தகவலைச் சொன்னா, அவர் அதை உங்க அனுமதி இல்லாம தன் லாபத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இதுக்குப் பேர் நம்பிக்கை மீறல். டிவி ஐடியாக்களுக்கு இந்தியாவில் உண்மையில் வேலை செய்கிற ஆயுதம் இதுதான்.

மும்பையில் நடந்த முக்கியமான வழக்கு: சன்டயல் கம்யூனிகேஷன்ஸ் எதிர் ஜீ டெலிஃபிலிம்ஸ். சன்டயல் ஒரு சின்ன நிறுவனம். குழந்தைக் கண்ணன் ஒரு குடும்பத்துக்குள் வந்து அவங்க பிரச்சினைகளைத் தீர்க்கிற மாதிரி ஒரு சீரியல் கருத்தை உருவாக்கி, எழுத்தாளர் சங்கத்தில் பதிவு பண்ணி, ஜீ கிட்ட சொன்னாங்க. ஒப்பந்தம் அமையவில்லை. பிறகு சோனிக்குப் போய் பைலட் எபிசோட் வரை எடுத்துட்டாங்க. அந்த நேரத்தில் ஜீயில் 'கன்னையா'ன்னு ஒரு சீரியல் வந்தது. கோர்ட்டுக்குப் போனாங்க. தனி நீதிபதி தடை கொடுத்தார். 2003-ல் பாம்பே ஹைகோர்ட் அமர்வும் அந்தத் தடையை உறுதி செய்தது. இடைக்காலக் கட்டத்து உத்தரவுதான் இது. ஆனாலும் ஒரு சின்ன நிறுவனம் பெரிய சேனலை நிறுத்தி வெச்ச வழக்கு.

"கண்ணன் கதை யாருக்குத்தான் தெரியாது, இதில் என்ன ரகசியம்?"னு கேட்கலாம். இதுக்கு 2002-ல் டெல்லி ஹைகோர்ட்டில் வந்த அனில் குப்தா வழக்கு பதில் சொல்லுது. அவர் சோனி சேனலுக்குச் சொன்ன ஐடியா சுயம்வரம். ஒரு பெண் டிவி ரியாலிட்டி ஷோவில் தனக்கு மாப்பிள்ளை தேடுவது. சுயம்வரம் புராண காலத்திலிருந்தே இருக்கு. ஆனா அதை ரியாலிட்டி ஷோவாக மாற்றிய சேர்க்கை புதுசு, அது வெளியில் வராத வரை ரகசியம்தான்னு நீதிமன்றம் ஏற்று இடைக்காலத் தடை கொடுத்தது. அரிசியும் உளுந்தும் எல்லார் வீட்டிலும் இருக்கு, ஆனா உங்க கைப்பக்குவம் உங்களுடையது!

2007-ல் பாம்பே ஹைகோர்ட்டில் இன்னொண்ணு. திரைக்கதை எழுத்தாளர் ஊர்மி ஜுவேகர், பொதுமக்கள் தங்கள் ஏரியா பிரச்சினையைத் தாங்களே தீர்க்கிற மாதிரி ஒரு ரியாலிட்டி ஷோ கருத்தை ஒரு செய்திச் சேனலுக்குக் கொடுத்திருந்தார். அதே மாதிரி ஷோ வந்தபோது தடை வாங்கினார்.

இந்த வழக்குகளில் நீதிமன்றம் பார்க்கிற மூணு கேள்விகளை மனசில் வெச்சுக்குங்க:

1. நீங்க சொன்னது உண்மையிலேயே ரகசியமா? ஏற்கெனவே யூடியூபில் போட்டுட்டு "ரகசியம்"னு சொல்ல முடியாது.
2. ரகசியம்கிற புரிதலோட சொன்னீங்களா? வேலை விஷயமா, மீட்டிங்கில், எழுத்தில் குறிப்பிட்டு சொன்னீங்களா?
3. அவங்க எடுத்தது நீங்க சொன்னதைத்தானா? எந்தெந்தப் பகுதின்னு விரல் வெச்சுக் காட்ட முடியுமா?

மூணாவது கேள்வியில்தான் பலர் விழுந்துடுவாங்க. 2021-ல் 'சோம்பிவிலி'ங்கிற மராத்திப் படத்துக்கு எதிரா தருண் வாத்வா என்ற எழுத்தாளர் பாம்பே ஹைகோர்ட்டுக்குப் போனார். தடை கிடைக்கவில்லை. ரகசியத் தகவல் எது, அதில் எது உங்க சொந்தப் புதுமை என்பதைத் துல்லியமா காட்டணும், மொத்தமா "என் ஐடியா"ன்னு சொன்னா போதாதுன்னு நீதிமன்றம் கண்டிப்பா சொல்லிடுச்சு.

சரி, சேனல்கள் ஃபார்மேட்டுக்கு ஏன் பணம் கொடுக்கிறாங்க?

நல்ல கேள்வி. 2000-ல் ஸ்டார் பிளஸ் 'கோன் பனேகா குரோர்பதி' ஆரம்பிச்சது பிரிட்டிஷ் ஷோவின் உரிமம் வாங்கித்தான். 2012-ல் விஜய் டிவியில் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'யும் அதே குடும்பம். 2017-ல் தமிழுக்கு வந்த 'பிக் பாஸ்' 1999-ல் நெதர்லாந்தில் பிறந்த ஷோ. கேள்வி பதில் போட்டிக்கோ, ஒரு வீட்டுக்குள் ஆளுங்களைப் பூட்டி வைக்கிறதுக்கோ யாருக்கும் காப்பிரைட் இல்லையே?

அவங்க விற்கிறது ஒரு முழு மூட்டை. அதுக்குத் துறையில் 'பைபிள்'னு பேர். விதிகள், செட் வரைபடம், ஒளி அமைப்பு, பின்னணி இசை, லோகோ, பட்ஜெட், ஆள் தேர்வு முறை, முந்தின நாடுகளில் எது சரியா வரலைங்கிற அனுபவம் எல்லாம் அதில் இருக்கும். இதைத் தனியா உருவாக்குறதை விட வாங்குறது சேனலுக்கு லாபம்.

பைபிள் இல்லாதவர் கதி என்ன? பிரிட்டனில் ஹியூயி கிரீன் என்பவர் 'ஆப்பர்ச்சூனிட்டி நாக்ஸ்'ன்னு பிரபலமான திறமைப் போட்டி நடத்தினார். நியூஸிலாந்து அரசு ஒளிபரப்பு நிறுவனம் அதே பேர், அதே கைத்தட்டல் மீட்டரோட ஒரு ஷோ நடத்தியது. கிரீன் வழக்குப் போட்டு, 1989-ல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோத்தார். திரும்பத் திரும்ப வர்ற சில அம்சங்கள் மட்டும் ஒரு முழுமையான நாடகப் படைப்பு ஆகாதுன்னு சொல்லிட்டாங்க.

ஆக, உங்க கையில் இருக்கிற பேப்பர் எவ்வளவு கனமோ, உங்க பேரம் அவ்வளவு கனம்.

பிட்ச் பண்றதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய 7 வேலைகள்

1. முழுசா எழுதுங்க. குறைஞ்சது 10 முதல் 15 பக்கம். மேலே 'முப்பது நாள் முப்பதாயிரம்' உதாரணத்தில் பார்த்த எல்லாமும் வரணும். தமிழிலேயே எழுதலாம்.

2. காப்பிரைட் பதிவு பண்ணுங்க. மத்திய அரசின் காப்பிரைட் அலுவலக இணையதளத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். இலக்கிய, நாடகப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பிச்சதும் ஒரு டைரி எண் வரும். யாராவது ஆட்சேபம் சொல்ல 30 நாள் காத்திருப்பு, பிறகு ஆய்வு. சான்றிதழ் வர மாசக் கணக்கில் ஆகலாம், ஆனா விண்ணப்பிச்ச தேதி உங்க கையில் இருக்கும். பதிவு கட்டாயம் இல்லை. ஆனா கோர்ட்டில் அந்தப் பதிவேடு முதல்நிலைச் சான்று. கவனம்: பதிவு பண்ணினாலும் பாதுகாப்பு எழுத்துக்குத்தான், கருவுக்கு இல்லை.

3. எழுத்தாளர் சங்கம் இருந்தா அங்கேயும். சென்னையில் தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர்கள் சங்கம், மும்பையில் ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷன். உறுப்பினர் ஆனா பதிவு பண்ணலாம். இதோட பலன் என்னன்னு 'சர்கார்' விவகாரத்தில் தமிழ்நாடே பார்த்தது. உதவி இயக்குநர் வருண் ராஜேந்திரன் 'செங்கோல்'னு ஒரு கதையை 2007-ல் சங்கத்தில் பதிவு பண்ணியிருந்தார். 2018-ல் 'சர்கார்' வரப் போகுதுன்னதும் புகார் கொடுத்தார். சங்கத் தலைவரா இருந்த பாக்யராஜ் ரெண்டு கதைக்கும் ஒற்றுமை இருக்குன்னு சொன்னார். விஷயம் சென்னை ஹைகோர்ட் போய், படம் வெளிவர ஒரு வாரம் இருக்கும்போது சமரசம். டைட்டிலில் அவருக்கு நன்றி போட ஒப்புக்கிட்டாங்க. 11 வருஷத்துக்கு முந்தின ஒரு பதிவுத் தேதி ஒரு பெரிய படத்தை பேச்சுவார்த்தை மேஜைக்குக் கொண்டு வந்தது!

4. தனக்குத் தானே தபால் அனுப்புற பழக்கத்தை நம்பாதீங்க. கதையை உறையில் போட்டு தன் முகவரிக்கே அனுப்பி, பிரிக்காம வெச்சுக்கிறது பழைய வழக்கம். அதனால் எந்த உரிமையும் வராது. தேதிக்கு ஒரு பலவீனமான சாட்சி, அவ்வளவுதான். அந்தச் செலவோட கொஞ்சம் சேர்த்து 500 ரூபாயைக் கட்டிடுங்க.

5. ரெண்டு கட்டமா சொல்லுங்க. முதல் சந்திப்புக்கு ஒரே ஒரு பக்கம்: பேர், ஒரு பத்திச் சுருக்கம், யார் பார்ப்பாங்க, ஏன் இப்போ. ஆர்வம் காட்டினா மட்டும் முழு ஃபைல். பொடிமாஸ் வாசனையைக் காட்டுங்க, செய்முறையை அப்புறம் கொடுக்கலாம்.

6. எழுத்தில் தடம் விடுங்க. ரகசிய ஒப்பந்தம், அதாவது என்டிஏ, கையெழுத்துப் போட்டாங்கன்னா ரொம்ப நல்லது. ஆனா நிஜத்தைச் சொல்லணும்னா, புதுசா வர்றவருக்கு பெரிய சேனல்கள் முதல் சந்திப்பிலேயே கையெழுத்துப் போட மாட்டாங்க. தினமும் பத்துப் பேர் வர்ற இடம் அது. அடம் பிடிச்சா கதவு மூடிடும். அதுக்குப் பதிலா, போறதுக்கு முன்னாடி ஒரு மெயில்: "நான் உருவாக்கிய இந்த நிகழ்ச்சிக் கருத்தை, தயாரிப்புக்குப் பரிசீலிக்க மட்டும், ரகசியமாகப் பகிர்கிறேன்." வந்த பிறகு ஒரு மெயில்: "இன்று மாலை 4 மணிக்கு உங்கள் அலுவலகத்தில் சந்தித்து இந்தக் கருத்தை விளக்கினேன். 14 பக்கக் குறிப்பைக் கொடுத்தேன். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி." மரியாதையாவும் இருக்கும், ரெண்டாவது கேள்விக்கு சாட்சியாவும் இருக்கும். ஃபைலின் ஒவ்வொரு பக்கத்திலும் உங்க பேர், தேதி, 'ரகசியம்' என்ற சொல். வாட்ஸ்அப்பில் பேசினா அதை அழிக்காதீங்க. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற புது சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவுப்படி, மின்னணு ஆதாரத்தைச் சான்றிதழோட தாக்கல் பண்ணணும். அதனால் ஃபோன் மாத்தும்போது பேக்கப் முக்கியம்.

7. அவங்க நீட்டுற படிவத்தைப் படிங்க. சில நிறுவனங்கள் உங்ககிட்ட ஒரு விடுதலைப் படிவத்தில் கையெழுத்து வாங்குவாங்க. "இதே மாதிரி கருத்து எங்க கிட்ட ஏற்கெனவே இருக்கலாம், நீங்க சொல்றது ரகசியமாகக் கருதப்படாது, பின்னாடி உரிமை கோர மாட்டேன்." இதில் கையெழுத்துப் போட்டா ரெண்டாவது கவசத்தை நீங்களே கழட்டி வைக்கிறீங்க. போடவே கூடாதுன்னு நான் சொல்லலை. அப்படி போட்டா அன்னைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் கொடுக்காதீங்க.

சம்பளக்காரங்க கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி

உங்க ஐடியா உண்மையிலேயே உங்களுடையதா? சிரிக்காதீங்க. காப்பிரைட் சட்டம் 17-ம் பிரிவுப்படி, வேலையின் ஒரு பகுதியா நீங்க உருவாக்கிய படைப்புக்கு, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் உங்க முதலாளிதான். விளம்பரக் கம்பெனி, மீடியா, கன்டென்ட், கேம் டிசைன் வேலையில் இருக்கிறவங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். வங்கியிலோ தொழிற்சாலையிலோ இருக்கிறவர் வீட்டில் உட்கார்ந்து எழுதினா அது பொதுவா அவருடையதே. ஆனா:

- அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படிங்க. "பணிக்காலத்தில் உருவாக்கும் எல்லா அறிவுசார் சொத்தும் நிறுவனத்துக்கே", "வேறு வருமானத்துக்கு முன் அனுமதி"ன்னு வரிகள் இருக்கலாம்.
- ஆபீஸ் லேப்டாப், ஆபீஸ் மெயில், ஆபீஸ் நேரம் மூணையும் தொடாதீங்க.
- அரசு ஊழியரா இருந்தா நடத்தை விதிகள் உண்டு. பணம் வாங்குறதுக்கு முன்னாடி துறையில் எழுத்துப்பூர்வ அனுமதி கேளுங்க.
- நண்பரோட சேர்ந்து உருவாக்கினீங்கன்னா, யாருக்கு எத்தனை சதவீதம்னு இன்னைக்கே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பணம் வர்றதுக்கு முன்னாடி இது அஞ்சு நிமிஷ வேலை. வந்த பிறகு அஞ்சு வருஷ வழக்கு.

சேனல் "சரி" சொன்னா?

சந்தோஷத்தில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடற இடம் இதுதான். காப்பிரைட் சட்டம் 19-ம் பிரிவு உங்க பக்கம் சில பாதுகாப்புகளை வெச்சிருக்கு. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்கணும், நீங்க கையெழுத்துப் போட்டிருக்கணும். எத்தனை வருஷத்துக்குன்னு எழுதலைன்னா 5 வருஷம்தான். எந்த ஊருக்குன்னு எழுதலைன்னா இந்தியா மட்டும்தான். வாங்கினவர் ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தலைன்னா, ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாத வரை, உரிமை காலாவதி. ஆனா ஒப்பந்தத்தில் "உலகம் முழுக்க, நிரந்தரமா"ன்னு ஒரு வரி போட்டா அந்த 5 வருஷ வரம்பும் இந்தியா வரம்பும் போயிடும். அதனால் அந்த வரியைத் தேடுங்க.

பேச வேண்டியவை: முன்பணம் எவ்வளவு, எபிசோடுக்கு எவ்வளவு, ரெண்டாவது சீசனுக்கு என்ன, தெலுங்கு கன்னட ரீமேக்குக்கு என்ன, ஓடிடிக்கு என்ன, டைட்டிலில் 'கருத்து' என்று உங்க பேர் வருமா, எடுக்கலைன்னா எப்போ உரிமை திரும்பும். 'குக்கு வித் கோமாளி' மாதிரி தமிழில் பிறந்த ஷோ வேற மொழிகளுக்குப் போனதை நாம பார்த்திருக்கோம். ரீமேக் வரியை சும்மா விட்டுடாதீங்க. ஒரு வக்கீலுக்குக் கொடுக்கிற கட்டணம் இந்த இடத்தில் செலவே இல்லை, காப்பீட்டு பிரீமியம் மாதிரி.

வரி: இப்படி வரும் தொகையில் பொதுவா 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பாங்க. 2025 ஏப்ரல் முதல் வருஷத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினாத்தான் இந்தப் பிடித்தம். பான் கொடுக்கலைன்னா 20 சதவீதம். பிடிச்சுட்டாங்களேன்னு சும்மா இருக்காதீங்க, உங்க சம்பளத்தோட சேர்த்து உங்க ஸ்லாப்படி கணக்குக் காட்டணும். சம்பளக்காரங்க வழக்கமா போடற எளிய படிவம் செல்லுமான்னு ஆடிட்டர் கிட்ட கேட்டுக்குங்க.

எடுத்துட்டாங்கன்னு தோணினா?

முதல் வேலை, சமூக வலைத்தளத்தில் பொங்காதீங்க. ஷோவைப் பதிவு பண்ணுங்க. ஒரு பக்கம் உங்க குறிப்பு, இன்னொரு பக்கம் அவங்க எபிசோட், ஒற்றுமைகளை வரிசையா அட்டவணை போடுங்க. பொதுவான அம்சங்களை நீங்களே அடிச்சிடுங்க. மிச்சம் இருக்கிறது உங்களுக்கே திருப்தியா இருந்தா வக்கீல் நோட்டீஸ். காலம் தாழ்த்தினா தடை கிடைக்கிறது கஷ்டம். நஷ்டஈட்டுக்குப் பொதுவா 3 வருஷ வரம்பு.

புதுச்சேரிக்காரங்களுக்கு ஒரு நல்ல செய்தி. காப்பிரைட் மீறலுக்கு, எதிராளி மும்பையில் இருந்தாலும், நீங்க வசிக்கிற ஊரிலேயே வழக்குப் போட 62-ம் பிரிவு அனுமதிக்குது. மேல்முறையீட்டுக்கு நமக்கும் சென்னை ஹைகோர்ட்தான். ஆனா வெறும் நம்பிக்கை மீறலுக்கு இந்தச் சலுகை கிடையாது. 500 ரூபாய் பதிவை நான் இவ்வளவு வலியுறுத்த இதுவும் ஒரு காரணம். அவசரத் தடை கேட்காத வணிக வழக்குகளில் முதல்ல சமரசப் பேச்சுக்குப் போகணும் என்பதும் நினைவில் இருக்கட்டும். பல விஷயங்கள் அங்கேயே முடியும்.

கடைசியா ரெண்டு எச்சரிக்கை

ஒண்ணு: ஐடியாவைக் கேட்கிறவங்க உங்களுக்குப் பணம் தரணும். "பதிவுக் கட்டணம் 15,000, இணைத் தயாரிப்பாளர் டெபாசிட் ஒரு லட்சம்"னு உங்ககிட்ட கேட்டா, அது ஷோ இல்லை, வலை. எழுந்து வந்துடுங்க.

ரெண்டு: பைலட் எடுக்க பர்சனல் லோன் வேண்டாம், நகையையும் தொட வேண்டாம். ஆறு மாச அவசர நிதியைத் தொடாம, மாச மிச்சத்திலிருந்து மட்டும் ஒரு தொகையை ஒதுக்குங்க. போனா போகட்டும்னு சொல்ல முடிகிற அளவுதான் அந்தத் தொகை. பத்து ஐடியா சொன்னா ஒண்ணு விற்கலாம், ஒண்ணுமே விற்காமலும் போகலாம். வேலையை விடற முடிவு காசோலை வங்கியில் ஏறின பிறகு யோசிக்க வேண்டியது.

உங்க ஐடியா திருடு போகவே போகாதுன்னு எந்தச் சட்டமும் உத்தரவாதம் தராது. ஆனா விரிவான எழுத்து, பதிவுத் தேதி, ரெண்டு மெயில், இந்த மூணும் இருக்கிறவர் கிட்ட எடுக்கிறதுக்கு எதிராளி ரெண்டு தடவை யோசிப்பார். மொத்தச் செலவு 500 ரூபாயும் சில ராத்திரித் தூக்கமும்.

இது பொதுவான விளக்கம்தான், உங்க ஒப்பந்தத்துக்கு ஒரு வக்கீலைப் பாருங்க. காப்பிரைட் விண்ணப்பத்தை ஸ்டெப் பை ஸ்டெப்பா எப்படி நிரப்புறதுன்னு அடுத்த வீடியோவில் பார்க்கலாம். அதுக்குள்ள அந்த முதல் பக்கத்தை எழுதி, மேலே தேதி போட்டு வைங்க.